உன் அத்தையிடம் சொன்னதை என்னிடமும் சொல்

தம்பி,

ஊர் அடங்கிய பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள். இந்த நேரத்தில் எழுதுகிற கடிதத்தில் ஒரு சொல்லாவது கூடிப்போகும் என்று உன் அப்பா சொன்னார். சொல்லிவிட்டு அவர் தூங்கிவிட்டார். பகலில் எழுதலாம்தான். ஆனால் பகலில் பேனாவை எடுத்தால் எனக்குச் சிவப்பு மை ஞாபகம் வந்துவிடுகிறது, நான் டீச்சராகிவிடுகிறேன். டீச்சர் எழுதிய கடிதங்கள் கொழும்புக்கு உனக்கு நிறைய வந்துவிட்டன. இது உன் அம்மா எழுதுவது. பதுளையில் அந்தியிலிருந்து விடாத மழை, கரண்டும் போய்விட்டது. மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் என் எழுத்து கோணலாகத் தெரிகிறது. காலையில் இதைத் திரும்ப வாசித்தால் கிழித்துவிடுவேன் என்று தெரியும். அதனால் வாசிக்காமலே ஒட்டி, முதல் தபாலில் சேர்த்துவிடப் போகிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. உன் அத்தை தெமோதரையிலிருந்து பஸ்ஸில் வந்தார். வழக்கம்போல ஒரு பை நிறையப் போஞ்சி, இன்னொரு பையில் கொய்யாப்பழம். கொய்யாப்பழத்தை எனக்கும் உன் அப்பாவுக்கும் கண்ணில் காட்டக் கூடாது என்று அத்தைக்குத் தெரியும். நீ இல்லாத வீட்டுக்கும் உனக்குப் பிடித்ததையே தூக்கிக்கொண்டு வருகிறார். குசினியில் உட்கார்ந்து போஞ்சிக்கு நார் எடுத்துக்கொண்டே, மழையைப் பற்றிப் பேசுவதுபோலச் சாதாரணமாகக் கேட்டார்.

"டீச்சர், புள்ள போறதுக்குள்ள ஒரு தடவ வீட்டுக்கு வருமா, இல்ல கொழும்புலேர்ந்தே ஏறிருமா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என் பெயரைச் சொன்னதில்லை, டீச்சர்தான். நான் டீச்சராவதற்கு முன்பே, கையில் புத்தகத்தோடு திரிந்ததற்காக வைத்த கேலிப்பெயர் அது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எங்கே போகிறான் என்று கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துபோயிருக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "அதெல்லாம் இன்னும் முடிவாகல மயினி" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, "ஆமா, டுபாய்னா சும்மாவா, முடிவாக நாளாகும்" என்றார். கவனித்தாயா? எனக்கு ஊர்ப் பெயர்கூடத் தெரியாது என்பது அந்த ஒரு பார்வையிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அதை முகத்தில் காட்டாமல், தெரிந்தவளிடம் பேசுவதுபோலவே ஊர்ப் பெயரையும் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு, போஞ்சியை ஒவ்வொன்றாக நறுக்குவதுபோல, ஒவ்வொன்றாக வந்தது. தீபாவளிக்கு வரும்போது நீ பதுளை வரைக்கும் டிக்கட் எடுத்திருந்தும் தெமோதரையில் இறங்கி, ஒரு பகல் முழுக்க அத்தையின் தோட்டத்து லயத்து அறையில் இருந்துவிட்டு வந்தாய். ரயில் பிந்திவிட்டது என்று என்னிடம் சொன்னாய். நானும் ரயில்வேயைத் திட்டினேன். அன்றைக்கே பாஸ்போர்ட் கிடைத்தாயிற்று. டுபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் மைக்கும் ஸ்பீக்கரும் பார்க்கிற வேலை, இந்த மாதக் கடைசியில் பிளேன். போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவுக்கு எழுதுகிறேன், அதுவரைக்கும் சொல்லாதீங்க அத்தை என்று கேட்டுக்கொண்டாயாம். போய்ச் சேர்ந்த பிறகு. அப்படியென்றால் நீ கிளம்புகிற நாளில் நான் உயர்தர வகுப்பில் ஊசலைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டு இருந்திருப்பேன்.

நீ வெளிநாடு போவதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். அது பொய். போவது வருத்தம்தான். ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது வேறு. எனக்குப் பொறாமை. உன் அத்தைமேல் எனக்கு இருபது வருடப் பொறாமை. உன்னிடம் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை, உன் அப்பாவிடம் சொன்னால் "ரெண்டு பேருக்கும் நடுவுல என்னைய இழுக்காதீங்க" என்று வெளியே போய்விடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது. கொழுந்து பறித்த காசில் தம்பியைப் படிக்கவைத்து, ஆபீசில் கிளாக்கராக்கி உட்காரவைத்தவர் அந்த அக்காதான். என் புருஷனும் அவர் கையால் வளர்ந்தவர், என் பிள்ளையும் அவர் கையால் வளர்ந்தவன். இந்த வீட்டில் நான் படித்து வாங்கிய சான்றிதழ் ஒன்றுதான் அவர் கை படாதது என்று சில நாள் நினைப்பேன். அதுவும் உண்மையில்லை. நீ பால்குடி மறந்த கையோடு உன்னை அவரிடம் கொடுத்துவிட்டுத்தானே நான் பல்கலைக்கழகத்துக்கு ரயில் ஏறினேன்.

அந்த வருடங்களைப் பற்றி நீ என்னிடம் கேட்டதில்லை. எனக்கு வயது இருபது. பௌதிகம் படிக்க இடம் கிடைத்த தோட்டத்துப் பெண் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்திதான். போ என்றவரும் அத்தைதான், புள்ளைய நான் பாத்துக்கிறேன் என்றவரும் அவர்தான். விடுமுறைக்கு விடுமுறை வருவேன். ஒவ்வொரு முறையும் நீ ஒரு பிடி வளர்ந்திருப்பாய், ஒரு பிடி தள்ளிப்போயிருப்பாய். படித்து முடித்து வந்து உன்னைப் பதுளைக்குக் கூட்டிக்கொண்டபோது உனக்கு ஐந்து வயது. ஒரு நாள் நீ ஓடிவந்து ஒரு கதை சொல்ல ஆரம்பித்தாய். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள் ஒரு மரை மான் புகுந்துவிட்ட கதை. "மர ஒண்ணு வந்துருச்சும்மா, கங்காணி ஓடுனாரு" என்றாய். நான், "வந்துவிட்டது என்று சொல், ஓடினார் என்று சொல்" என்றேன். நீ திருத்திச் சொன்னாய். எந்தக் கங்காணி என்று கேட்டேன். நீ ஏன் மடுவத்துப் பக்கம் போனாய், கிட்டப் போனாயா, காலில் செருப்பு இருந்ததா என்று கேட்டேன். கடைசியில் "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாய். சின்னக் கதை என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த வாரம் அத்தை வந்தபோது பக்கத்து அறையிலிருந்து அதே கதையைக் கேட்டேன். மரை கொழுந்துக் கூடைகளைத் தாண்டியது, கங்காணியின் தலைப்பா தராசில் மாட்டிக்கொண்டது, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அவர் தராசைச் சுற்றிச் சுற்றி ஓடினார், மரைக்கும் வழி தெரியவில்லை அவருக்கும் வழி தெரியவில்லை. அத்தை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அப்புறம்?" என்றுகூடச் சொல்லவில்லை. நீ சிரித்துச் சிரித்து இருமினாய். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தக் கிழிந்த சேலைக்காரியைப் போட்டு மிதிக்க வேண்டும்போல நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. உனக்கு மீசை அரும்புகிற காலத்தில் நீ, நான், அத்தை மூன்று பேரும் ஸ்பிரிங்வெளிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பஸ்ஸில் கண்டக்டர் அத்தையைக் காட்டி உன்னிடம் "அம்மாவுக்கும் சேத்தா தம்பி?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து "அக்காவுக்கு?" என்றான். நீ திருத்துவாய் என்று காத்திருந்தேன். நீ சிரித்துக்கொண்டு மூன்று டிக்கட் வாங்கினாய். இளமையாக இருக்கிறாய் என்று உன் அப்பா பிறகு என்னைக் கேலி செய்தார். எனக்கு அது சந்தோஷமாக இல்லை. மற்றப் பெண்களுக்கு வயது தெரியாமல் இருக்க ஆசை. எனக்கோ முகத்தில் உன் அம்மா என்று எழுதி ஒட்டியிருந்தால் போதும் என்று இருந்தது.

இவற்றை எல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், அந்த மாசி மாதத்துக் கூத்து விஷயத்தை உன்னிடம் பேச வேண்டும். நாம் இருவருமே பேசாமல் விட்ட விஷயம் அது. நீ பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த வருடம். அத்தையின் தோட்டத்தில் மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்துக்கு முதல் தடவையாக மைக் வைப்பதென்று தீர்மானித்தார்கள். பண்டாரவளையிலிருந்து அம்பிளிபயரும் கூம்பு ஸ்பீக்கரும் வாடகைக்கு வந்தன, கார் பெட்டரியில் வேலை செய்கிற செட். அதோடு வந்த மைக் உடைந்திருந்தது. நீ பதுளை பஜாரில் ரேடியோக் கடைக்கார நானாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, பழைய டேப் ரெக்கோடர் ஒன்றின் கிறிஸ்டல் மைக்கை வாங்கிப் பொருத்தினாய். சத்தம் வந்தது, ஆனால் அடிக்குரல் செத்து, தகரத்தில் நகத்தால் கீறுவதுபோல வந்தது. அப்போது நீ ஒரு காரியம் செய்தாய். அது உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு ஒரு நாளும் மறக்காது. நேரே என்னிடம் வந்து, "அம்மா, இது ஏன் இப்படி?" என்று கேட்டாய்.

அத்தையிடம் கேட்க முடியாத ஒரு கேள்வி. என் மகனுக்கு என்னிடம் மட்டுமே பதில் இருக்கிற ஒரு கேள்வி. எனக்கு எவ்வளவு பெருமை என்று நினைக்கிறாய். பெட்டியிலிருந்து பழைய பாடக்குறிப்புகளைக் கிளறி எடுத்தேன். கொடுக்கிற பக்கத்தின் மின் தடங்கலும் வாங்குகிற பக்கத்தின் தடங்கலும் சமமாக இருந்தால்தான் அதிக வலு போய்ச் சேரும் என்று கரும்பலகை இல்லாத குறையாக உனக்கு வகுப்பெடுத்தேன். படித்த காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த தேற்றம் அது. இரண்டு பக்கமும் சமம், ஆளுக்குப் பாதி, என்ன நியாயம் பார் என்று நினைத்துக்கொள்வேன். மைக்குக்கும் அம்பிளிபயருக்கும் நடுவில் ஒரு டிரான்ஸ்போமரைப் போட்டுச் சமப்படுத்து என்றேன். நானே அந்த நானாவின் கடைக்குப் போய், பழைய வால்வு ரேடியோவிலிருந்து ஒன்றைக் கழற்றி வாங்கித் தந்தேன். அந்த இரும்புத் துண்டைச் சேலைத் தலைப்பில் துடைத்துத்தான் உன் கையில் கொடுத்தேன்.

லயத்து வாசலில் அதைப் பூட்டிச் சோதித்த மாலையில் நானும் இருந்தேன். கூத்து வாத்தியாருக்கு மலைக்கு மலை கேட்கிற குரல். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மன்மதன் பாட்டை எடுத்தார். ஸ்பீக்கரில் கொசு பாடியது. கூட்டத்தில் ஒருவன், "வாத்தியாரே, மன்மதன் வேசத்த விட்டுட்டு ரதி வேசம் கட்டிருங்க" என்றான். லயமே சிரித்தது. தப்படிக்கிறவர்கள் குச்சியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். நான் விடவில்லை, சத்தத்தைக் கூட்டு, இன்னும் கூட்டு என்றேன். நீ கூட்டினாய், ஸ்பீக்கர் ஊளையிட்டது, வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டார். "சரிம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னாய். மறுநாள் பள்ளிக்கூடம் என்று நான் பதுளைக்கு வந்துவிட்டேன். நீ அத்தை வீட்டில் தங்கினாய்.

அடுத்த வாரம் கூத்துப் பார்க்க வந்தபோது, தெமோதரைப் பாதையில் இறங்கும்போதே வாத்தியாரின் குரல் கேட்டது. அடிக்குரல், மூச்சு, எல்லாம். அடுத்த தோட்டத்துச் சனங்களும் குடையோடு வந்து சேர்ந்திருந்தார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்களிடமெல்லாம், தடங்கலைச் சமப்படுத்தினால் இப்படித்தான் இருக்கும் என்று விளக்கம் சொன்னேன். அத்தை எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். கூடவே ஒரு பழந்துணி முடிச்சையும் நீட்டினார். "டீச்சர், இந்த இரும்ப பத்திரமா வைக்கச் சொல்லிச்சு புள்ள. ஒன் சாமானாம்ல. துரு ஏறாம அடுப்பு மேல வச்சிருந்தேன்" என்றார். பிரித்துப் பார்த்தேன், என் டிரான்ஸ்போமர்.

அப்படியானால் குரல் எப்படி வந்தது? எனக்கு அதைச் சொல்லவும் அத்தைதான் வேண்டியிருந்தது. லயத்தில் கரண்ட் கிடையாது, அதனால் ஈயம் உருக்கி ஒட்டுகிற பற்றாசுக்கோலை அடுப்புத் தணலில் பழுக்கவைத்து நீ ஒட்டினாயாம். அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டாராம். "கருப்பா ஒரு பூச்சி, எட்டுக் காலு. அத ஒட்டிக்கிட்டே என்னென்னமோ சொல்லிச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கல டீச்சர். நான் பாட்டுக்கு ம் கொட்டிக்கிட்டு ரொட்டி தட்டுனேன்" என்று சிரித்தார். தம்பி, அங்கேதான் எனக்கு அடி விழுந்தது. நான் சொன்னது பிழை என்பது பெரிய விஷயமில்லை, வகுப்பில் தினமும் பிழை விடுகிறேன். விளங்கக்கூடிய ஒருத்தி பஸ்ஸில் வரும் தூரத்தில் இருக்க, விளங்காத ஒருத்தியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய். எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் என் மகன் பேசியிருக்கிறான், அதைக் கேட்டது ரொட்டி தட்டிக்கொண்டிருந்த உன் அத்தை.

நீ ஒன்றும் சொல்லமாட்டாய் என்று தெரிந்ததால் நானே தேடினேன். பள்ளிக்கூட நூலகத்தில் ஒன்றும் இல்லை. நானாவின் கடையில் கிடந்த ஆங்கில சஞ்சிகைகளைக் கேட்டு வாங்கி வந்து, உன் எட்டுக்கால் பூச்சியைப் பற்றிப் படித்தேன். செயற்பாட்டு விரியலாக்கி, ஆங்கிலத்தில் ஒப்-அம்ப் என்கிற விரல் நுனியளவு சில்லு. எங்கள் காலத்தில் அது பாடத்தில் இல்லை. படித்து முடித்ததும் என் பிழை எங்கே என்று தெரிந்தது. கிறிஸ்டல் மைக்கின் உள்ளே மிகப் பெரிய தடங்கல் இருக்கிறது, சுருதி தாழத் தாழ அது இன்னும் கூடும். அந்த வாடகை அம்பிளிபயரின் பெய்ப்புத் தடங்கல், அதாவது வாங்குகிற வாயின் தடங்கல், மிகச் சிறியது. குறைந்த தடங்கல் என்றால் நிறைய மின்னோட்டத்தை இழுக்கும் என்று அர்த்தம். பாவம் அந்த மைக், அதனிடம் அவ்வளவு இல்லை. இழுக்க இழுக்கக் குரல் அதற்குள்ளேயே விழுந்துவிடும், அடிக்குரல்தான் முதலில் போகும். நான் சொன்னதுபோலச் சமப்படுத்தினாலும் பாதி உள்ளேயே தங்கிவிடும். என் தேற்றம் வலுவைப் பற்றியது. ஸ்பீக்கர் போன்ற சாமானுக்கு அந்தக் கணக்கு வேண்டியிருக்கும். மெலிந்த ஒரு குரலைக் குறையாமல் வாங்குவதற்கு அது பொருந்தாது. அதற்குச் சமம் கூடாது. வாங்குகிறவரின் தடங்கல் கொடுக்கிறவரினதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும், ஏறக்குறைய ஒன்றுமே எடுத்துக்கொள்ளாத அளவுக்கு.

உன் பூச்சி செய்தது அதைத்தான். அதன் பயப்பை, வெளியே கொடுப்பதை, அப்படியே திருப்பி அதன் இன்னொரு வாயில் கொடுத்திருந்தாய். தான் சொல்வதைத் தானே கேட்டுக்கொண்டு, கேட்டதற்கும் சொன்னதற்கும் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் அதன் பெய்ப்புத் தடங்கல் இன்னும் ஏறிவிடுகிறது, பயப்புத் தடங்கல் இன்னும் இறங்கிவிடுகிறது. மைக்கிடமிருந்து ஒன்றும் பறிப்பதில்லை. அந்தப் பக்கம் அம்பிளிபயர் எவ்வளவு இழுத்தாலும் தளர்வதில்லை. கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை, ஒன்றுக்கு ஒன்று. இதைப் படித்தபோது எனக்கு உன் அத்தையின் முகம்தான் வந்தது, எரிச்சலோடு வந்தது. நான் எப்படிப்பட்டவள் என்று சொல்லவா வேண்டும். நீ ஒன்று சொன்னால் நான் நூறாக்குவேன். தலை வலிக்கிறது என்று எழுதினால் பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்து நின்றிருக்கிறேன். வேலை பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே உன் முதலாளிக்குக் கடிதம் எழுதப் பேனா எடுப்பேன். நீ வாய் திறந்ததும் நான் இழுக்கிற இழுப்பில் உன் குரல் உனக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. பிறகு எனக்கு வந்து சேர்வது "அவ்வளவுதான்".

இவ்வளவும் எனக்குப் போன வருடமே தெரியும். தெரிந்தும் பொறாமை குறையவில்லை. பழுதின் காரணம் தெரிந்தால் பழுது போய்விடுமா? உண்மையில் கூடியது. அத்தைக்கு அது இயல்பாகவே வாய்த்துவிட்டது, எனக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க யாருக்கும் முடியும், அதில் என்ன செலவு என்றும் நினைத்துக்கொண்டேன். இன்று மாலை வரைக்கும் அப்படித்தான்.

பின்னேரம் அவரை பஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டு டோர்ச்சைக் கொடுத்து, எடுத்துக்கொண்டு போங்க மயினி, பாதை வழுக்கும் என்றேன். வேண்டாம் என்றார். "புள்ள கூத்துப் பொட்டிக்கு என் டோர்ச் பெட்டரி, அடுத்த வீட்டுப் பெட்டரி எல்லாம் கழட்டிருச்சே, அப்ப மாசம் பூரா இருட்டுலதான் பெரட்டுக்குப் போனேன். காலுக்குப் பாத தெரியும்" என்றார். விடியுமுன் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு, அந்தப் படிக்கட்டில், பனியில், இந்த வயதில். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். பஸ் வந்து நின்றது. ஏறாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தாங்கல டீச்சர். புள்ள சொல்லாதன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. தீவாளிலேர்ந்து சோறு எறங்கல. ஒனக்குத் தெரியும்னு நெனச்சு வரல நானு. தெரியட்டும்னுதான் வந்தேன்."

பஸ் போன பிறகும் மழையில் நின்றுகொண்டிருந்தேன். தம்பி, பூச்சி எப்படி அம்பிளிபயருக்கு அவ்வளவு கொடுக்கிறது? மைக்கிடமிருந்து ஒன்றும் எடுக்காமல் அந்தப் பக்கம் கொடுப்பது எங்கிருந்து வருகிறது? அதற்கென்று இருக்கிற பெட்டரியிலிருந்து. மின்சுற்றுப் படம் வரையும்போது அந்த பெட்டரிகளை யாரும் வரைவதில்லை. சஞ்சிகையில் வரையவில்லை. போன மாதம் உயர்தர வகுப்பில் பாடத்துக்கு வெளியே ஆசைப்பட்டு அதே படத்தை நான் போட்டபோதும் வரையவில்லை. ஒரு முக்கோணம், உள்ளே போக இரண்டு கோடு, வெளியே வர ஒரு கோடு. பார்க்கிறவர்களுக்கு அது சும்மா கொடுப்பதுபோலத்தான் இருக்கும். அத்தை உன்னிடமிருந்து ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை என்று இருபது வருடமாகப் பொறாமைப்பட்டேனே, அவர் எதைப் போட்டு ஓடிக்கொண்டிருந்தார் என்று நானும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. உனக்கு ஒரு புத்தி சொல்ல வேண்டுமென்றால் இது ஒன்றுதான். யார் உன் பேச்சைச் சுலபமாகக் கேட்கிறார்களோ, அவர்களுக்கு அது சுலபம் என்று நினைத்துவிடாதே. நாளைக்கு ஒருத்தி உன் வாழ்க்கைக்கு வருவாள், நீ சொல்வதை எல்லாம் அழகாகக் கேட்பாள். அவளிடமும் இதை ஞாபகம் வைத்துக்கொள். அவள்மேலும் எனக்குப் பொறாமை வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

டுபாய்க்குப் போகாதே என்று நான் எழுதப்போவதில்லை. நீ போக வேண்டாம் என்பதுதான் என் ஆசை, அதை மறைக்கவும் இல்லை. ஆனால் உனக்குப் பிடித்த வேலை அது, உன் காது நல்ல காது, அந்த ஹோட்டல்காரர்களுக்கு அதிர்ஷ்டம். நான் கேட்பது வேறு. போவதற்கு முன் வந்து உன் வாயால் சொல்லிவிட்டுப் போ. எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துக்கொண்டு சுருக்கிவிடாதே. யார் வேலை வாங்கித் தந்தது, எப்போது ஆசை வந்தது, பயமாக இருக்கிறதா, எல்லாவற்றையும் அத்தையிடம் சொன்னதுபோல முதலிலிருந்து சொல். நான் கேள்வியே கேட்கமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். நீ சொல்லி முடிக்கிறவரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கப் பார்க்கிறேன். முடியாவிட்டால் எழுந்து குசினிக்குப் போய் அரிசி களைகிறேன், நீ பேசிக்கொண்டே இரு. அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன், அதை நீ தாங்க வேண்டியதில்லை, அதற்கு உன் அப்பா இருக்கிறார். அத்தையை இனி இதில் தனியாக நிறுத்தாதே. சோறு இறங்காமல் இருக்கிறார் என்று எழுதினேனே, அதற்காகவாவது வா.

லீவு கிடைக்காது, வர முடியாது என்றால் கடிதமாவது எழுது. உறையின் மேல் என் பெயரைப் போடு, அத்தையின் பெயர் வேண்டாம். அவருக்கு வாசிக்கத் தெரியாது, உன் கடிதம் வந்தால் எப்படியும் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வர வேண்டும். இந்த முறை நான் தெமோதரைக்குப் போய் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். ஒரு சொல்லையும் திருத்தாமல், நீ எழுதியபடியே வாசிக்கிறேன். ஆனால் முதலில் நான் ஒரு தடவை தனியாக வாசித்துவிட்டுத்தான் கொண்டுபோவேன், அந்த உரிமையை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் போடு. சீக்கிரம் போடு.

உன் அம்மா